கல்யாணப் பூ டெக்கரேஷன் தொழிலுக்கு வரலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி இதுதான்: "குழித்துறை பக்கம் ஊரு. சென்னைல ஐ.டி. வேலை, சலிச்சுப் போச்சு, விட்டுட்டு ஊருக்கு வந்து கல்யாணத்துக்கு பூ டெக்கரேஷன் பண்ணலாம்னு இருக்கேன். கையில மூணு லட்சம் இருக்கு. பெங்களூர்ல ஒரு ஃப்ளோரல் டிசைன் கோர்ஸ், ஒன்றரை லட்சம். சேரலாமா? கேரளா பார்ட்டிங்க நல்லா காசு குடுப்பாங்கன்னு சொல்றாங்க, உண்மையா? இதுல ஒரு குடும்பம் ஓடுமா?"

கோர்ஸுக்கு காசு கட்டிட்டியா? கட்டலைன்னா கொஞ்சம் பொறு. நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காத, என் சின்ன தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு.

நான் மார்த்தாண்டத்துக்கு பக்கத்துல 13 வருஷமா இந்த வேலைதான் பாக்கேன். ஆரம்பிச்சப்போ ஒரு கோர்ஸும் இல்ல, ஒரு குட்டியானை வண்டி, வீட்டுக்காரரு ஓட்டுவாரு, எட்டு பிளாஸ்டிக் பக்கெட்டு, எங்க அம்மா பூ கட்டுவாங்க, அவ்வளவுதான். இப்ப வருஷத்துக்கு 40, 45 கல்யாணம் வருது, அதுல பாதிக்கு மேல எல்லைல இருக்குற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரைக்கும். குடும்பம் ஓடுதான்னு கேட்டா ஓடுது, பிள்ளைங்க ரெண்டு பேரும் படிக்காங்க, வீட்டு லோன் போகுது. ஆனா முதல் மூணு வருஷம் ஓடல, கேட்டியா. மேடை அழகா இல்லாததால இல்ல. மேடை எல்லாம் கொள்ளாம், நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. தோவாளை பூச்சந்தைல என்ன விலைக்கு வாங்கணும், அதுக்கு முன்னாடி பார்ட்டிகிட்ட என்ன விலை சொல்லணும்னு தெரியல, அதுலதான் பாதி பணம் கரைஞ்சுது. அதனால என்கிட்ட கேட்டா டிசைன் கடைசியா படிக்கலாம், முதல்ல சந்தை படிக்கணும்.

தோவாளை உனக்கு தெரிஞ்ச இடம்தான், பஸ்ல போறப்ப வாசம் வரும்ல, அதோட சரி. ஆனா ஒரு மாசம் விடியக்காலம் மூணு மணிக்கு போய் சும்மா நின்னு பாரு. மல்லியும் பிச்சியும் ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், ராதாபுரம் பக்கம் இருந்து வரும், அரளி சேலத்துல இருந்து வரும், ரோஸ் ஓசூர், பெங்களூர்ல இருந்து அட்டைப்பெட்டில வரும், கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாம் திண்டுக்கல் பக்கத்துல இருந்து. இதுல எந்த லாரி லேட்டானாலும் அன்னைக்கு அந்தப் பூவுக்கு ரேட்டு வேற. அஞ்சு மணிக்கு ஒரு விலை, ஏழரைக்கு ஒரு விலை. ஏழரைக்கு சல்லிசா கெடைக்குதேன்னு வாங்குனா அது நேத்து மொட்டா இருந்து இன்னைக்கு விரிஞ்ச மல்லி, மேடைக்கு போறதுக்குள்ள பழுப்பாயிரும். மொட்டை விரல்ல அமுக்கிப் பாரு, கெட்டியா பச்சை ஓடுன வெள்ளையா இருக்கணும், காம்பு நுனி காஞ்சு கறுத்திருந்தா அது பழசு. இதெல்லாம் பெங்களூர் கோர்ஸ்ல சொல்லித் தரமாட்டாங்க, அங்க மல்லியே இருக்காது.

பேரு குழப்பம் வேற இருக்கு. நமக்கு கேந்தி, மதுரைக்காரங்களுக்கு செண்டுமல்லி, பெங்களூர்ல இருந்து வர்ற பெட்டில மேரிகோல்டு. ஒரு தடவ பாறசாலை சேச்சி ஒருத்தங்க போன்ல "ஜமந்தி மதி", அதாவது ஜமந்தி போதும்னு சொன்னாங்க, நான் செவ்வந்தின்னு நெனச்சு வெள்ளையும் மஞ்சளுமா 12 கிலோ தூக்கிட்டு போனேன், அவங்க மனசுல இருந்தது ஆரஞ்சு கேந்தி. அதுல இருந்து போன்ல பூ பேரு பேசுறதே இல்ல, போட்டோ அனுப்பி "இதுதானே"ன்னு கேட்டு, அவங்க ஆமான்னு போட்ட பிறகுதான் எழுதிக்கிடுவேன். நீயும் அப்படியே பண்ணு.

இப்ப விலை சொல்ற விஷயம். புதுசா வர்ற எல்லாரும் செய்ற தப்பு என்னன்னா பார்ட்டி வந்து கேக்குற அன்னைக்கு சந்தைல என்ன ரேட்டோ அத வச்சு கொட்டேஷன் குடுத்துருவாங்க. கல்யாணம் நாலு மாசம் கழிச்சு இருக்கும். பூ தங்கம் மாதிரி மெல்ல ஏறாது, ஒரே ராத்திரில மூணு மடங்கு ஆகும், அடுத்த நாளே குப்பைக்கு போகும். என் கதையே சொல்றேன். 2024 செப்டம்பர் 8, ஞாயித்துக்கிழமை, ஆவணி முகூர்த்தம், நெய்யாற்றின்கரைக்கு அங்க ஒரு கல்யாணம். மல்லிச் சரம்தான் மெயின், மேடை பின்னாடி முழுக்க திரை மாதிரி தொங்கணும். மே மாசம் விலை பேசினேன். ஜூலை கடைசில வயநாட்டுல நிலச்சரிவு வந்து அந்த வருஷம் கேரளா கவர்மென்ட் ஓணம் கொண்டாட்டத்தையே வேண்டாம்னு வச்சுட்டாங்க, அப்ப நான் என்ன நெனச்சேன், இந்த தடவ ஓணத்துக்கு பூ அவ்வளவு போகாது, ரேட்டு ஏறாதுன்னு நெனச்சு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டேன், அடுத்தவங்க கஷ்டத்துல கணக்கு போட்டதுக்கு கிடைச்ச அடின்னு இப்பவும் எங்க அம்மா சொல்லுவாங்க. செப்டம்பர் 6 ஓணத்துக்கு பூக்களம் போட ஆரம்பிக்கிற அத்தம், 7 விநாயகர் சதுர்த்தி, 8 முகூர்த்தம். அந்த ஒரு நாள்ல குருவாயூர் கோயில்ல மட்டும் 300க்கு மேல கல்யாணம் நடந்துச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சே. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாலை, பொண்ணு தலைக்கு பூ, மேடை. நான் கணக்குல போட்டத விட மூணு மடங்கு குடுத்து மல்லி வாங்குனேன், அதுவும் முழுசா கெடைக்கல, மிச்சத்துக்கு சம்பங்கிய வச்சு கோர்த்து ஒப்பேத்துனேன். பார்ட்டிக்கு தெரியல, போட்டோல நல்லா வந்துச்சு. எனக்கு கையில இருந்து 9,000 ரூபா போச்சு.

அன்னைல இருந்து நாலு விஷயம் மாத்துனேன். ஒண்ணு, ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்துக்கு மல்லிய முந்தின மூணு வருஷத்துல அதே வாரம் இருந்த உச்ச விலைல போடுவேன், இதுக்குன்னே நோட்டு வச்சிருக்கேன், தினமும் ரெண்டு வரி. ரெண்டாவது, எழுத்துல "இந்த பூ கிடைக்கலைன்னா அதே நிறத்துல வேற பூ வரும்"னு ஒரு வரி. மூணாவது காசு வாங்குற முறை, புக் பண்றப்ப பாதி, சந்தைக்கு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மிச்சத்துல பெரும்பகுதி, மேடைய காமிச்சுட்டு கடைசி பத்து பெர்சென்ட். கல்யாணம் முடிஞ்சு "அடுத்த வாரம் தாரேன்"னு சொன்ன காசு திரும்பி வந்ததா எனக்கு ரொம்ப ஞாபகம் இல்ல. நாலாவது, பிப்ரவரி 10ல இருந்து 14 வரைக்கும் யாரு சிவப்பு ரோஸ் கேட்டாலும் வேற கலருக்கு மனச மாத்தப் பாப்பேன், ஓசூர் தாஜ்மஹால் ரோஸ் அந்த வாரம் காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கும் பெரிய சிட்டிக்கும் பறந்துரும், நமக்கு வர்றது மிச்சம் மீதி.

கணக்கு கேட்டியே, ஒரு நடுத்தர ஆர்டரு 60,000ன்னு வச்சுக்க. பூ மட்டும், வேஸ்ட் ஆகுறதும் சேத்து, 22,000 ஆகும். ஆள் கூலி 13,000, இதுல பூ கட்டுற அக்காமாருக்கு கிலோ கணக்குல, ராத்திரி மேடை வேலைக்கு வர்ற பையன்களுக்கு ஆள் கணக்குல. வண்டி 5,000. துணி, கம்பி, பைப் ஃப்ரேம் தேய்மானம் 4,000. சாப்பாடு, க்ளீனிங், மண்டபத்துல கரண்டுக்குன்னு புடுங்குறது, ஒரு 3,000. மிச்சம் 13,000 உனக்கு. நல்லாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா ஆடி மாசம் இந்துக்காரங்க கல்யாணத்துல ஒரு ரூபா வராது, அந்தப் பக்கம் கர்க்கிடகம், ரெண்டு பக்கமும் அடைப்பு. புரட்டாசி பாதி அடைப்பு, மார்கழி அடைப்பு, கிறிஸ்தவங்க வீட்டுல லெந்து, அதான் தவக்காலம், அந்த நாள் 40ம் கல்யாணம் கெடையாது. நம்ம ஊர்ல ஒரு வசதி என்னன்னா இந்துக்காரங்க இல்லாத மாசத்துல கிறிஸ்தவங்க கல்யாணம் இருக்கும், அவங்களுக்கு இல்லாதப்ப இவங்களுக்கு இருக்கும், அதனால மதுரைக்காரங்கள விட நமக்கு வருஷம் கொஞ்சம் சமமா ஓடும். அப்பவும் நாலு மாசம் சேத்து வச்சு சாப்பிடணும், ஐ.டி. சம்பளம் மாதிரி ஒண்ணாந்தேதி மெசேஜ் வராது.

மூணு லட்சத்த என்ன பண்ணலாம்னா ஃப்ரேம், பேக்டிராப் எல்லாம் முதல் வருஷம் வாடகைக்கு எடு. பக்கெட்டு, நல்ல கட்டர், பூக்காம்புல மாட்டுற வாட்டர் ட்யூப், துணி, இதுக்கு 30,000 தாண்டாது. ஒரு ரூம்ல ஏ.சி. போடு. பழைய கூல்டிரிங்க்ஸ் ஃப்ரிட்ஜ் வாங்கிப் போடுவோம்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் வாங்குனேன், அது ரோஸுக்கு சரி, ஆந்தூரியம், ஆர்க்கிட் மாதிரி வெக்கை நாட்டுப் பூவ அதுக்குள்ள வச்சா குளிர் தாங்காம கறுத்துப் போகும், அத வெளில ஏ.சி. ரூம்ல வச்சாலே போதும். மிச்ச காச தொடாத. முதல் ஆறு ஆர்டர்ல ரெண்டுலயாவது கை விட்டு போகும், அதுக்கு வேணும்.

இத சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. பூவையும் பழுத்த பழத்தையும் ஒரே வண்டில ஏத்தாத. கல்யாண வாசலுக்கு குலையோட வாழை கட்டுவோம்ல, ஒரு பார்ட்டி செந்துளுவன், அதான் செவ்வாழை, அந்தக் குலைதான் வேணும், சிவப்பா பழுத்து இருக்கணும்னு கேட்டாங்க. ராத்திரி குட்டியானைல பின்னாடி ரெண்டு குலை, அதுக்கு பக்கத்துல 400 கார்னேஷன், மேல தார்ப்பாய் இறுக்கிக் கட்டி மழைக்கு பயந்து மூடிட்டோம். விடியக்காலம் திறந்தா கார்னேஷன் எல்லாம் இதழ் உள்ளுக்கு சுருட்டி தூங்குற மாதிரி மூடிக்கிட்டு இருக்கு. தண்ணில போட்டேன், வெந்நில காம்ப முக்குனேன், ஒண்ணும் எந்திரிக்கல. பழம் பழுக்குறப்ப எத்திலீன்னு ஒரு வாயு வரும், வாசம்கூட கெடையாது, அது பட்டா கார்னேஷனும் ஆர்க்கிட்டும் வயசாயிட்டுன்னு முடிவு பண்ணிரும். பச்ச ஏத்தன் குலைன்னா பரவால்ல, பழுத்த குலைதான் ஆபத்து. இப்ப குலை தனி ஆட்டோல போகும், 600 ரூபா கூட, பரவால்ல.

கேரளா பார்ட்டி பத்தி கேட்டியே. காசு நல்லாத்தான் குடுக்காங்க, பேரம் பேசுறதும் குறைவு, ஆனா நேரம் ரொம்ப இறுக்கம். நம்ம பக்கம் முகூர்த்தம் வெள்ளன முடிஞ்சுரும், முந்தின நாள் மத்தியானமே மண்டபம் கையில இருக்கும். அங்க முகூர்த்தம் பத்தரை, பதினொண்ணுக்கு, ஆனா ஆடிட்டோரியத்துல முந்தின நாள் ராத்திரி இன்னொருத்தர் ரிசப்ஷன் நடக்கும், அது முடிஞ்சு பந்தி எடுத்து கூட்டிப் பெருக்கி உன் கையில மேடை வர்றப்ப மணி பதினொண்ணு. அங்க இருந்து பின்னாடி எண்ணு. பொண்ணு வீட்டுக்காரங்க எட்டு மணிக்கு வந்துருவாங்க, போட்டோகிராஃபர் ஏழரைக்கே லைட்டு போட்டு நிப்பாரு, அப்ப ஏழு மணிக்கு தரைய கூட்டி முடிச்சிருக்கணும். ஃப்ரேம் நிறுத்த ரெண்டு மணிக்கூர், துணி ஒரு மணிக்கூர், பச்சை இலை கட்ட ஒண்ணரை, பூ குத்த மூணு. உனக்கு அரை மணிக்கூர் மிச்சம். அந்த அரை மணிக்கூர்லதான் சாயா குடிக்கணும், ஒரு பையன் ஏணில இருந்து விழாம பாத்துக்கணும். இதுக்காகவே நான் பாதி வேலைய வீட்டுலயே முடிச்சு துண்டு துண்டா கொண்டு போயிருவேன், பூச்சரம் எல்லாம் நீளம் வெட்டி நம்பர் போட்டு வாழை இலைல சுத்தி ஈரச் சாக்குல மூடி. பிச்சிக்கு மட்டும் தண்ணி தெளிக்காத, பட்டுச்சுன்னா கறுக்கும், ஈரத்துணி மேல மூடுனா போதும்.

அப்புறம் நிறபற. மேடைல பறன்னு நெல்லு அளக்குற பாத்திரம் நிறைய நெல்லு வச்சு அதுல தென்னம்பூக்குலை குத்தி வைப்பாங்க, பக்கத்துல நிலவிளக்கு. இது இல்லாம அங்க கல்யாண மேடை மேடையே இல்ல. பெங்களூர்ல படிச்சுட்டு வந்த ஒரு பையன் திருவனந்தபுரத்துல ஆறடி உயரத்துக்கு இம்போர்ட்டட் பூ வச்சு அமர்க்களமா பண்ணிட்டு பூக்குலைய மறந்துட்டான், பொண்ணோட அம்மாவன், தாய்மாமா, வந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு, "பூக்குல எவிடெ?"ன்னு. விடிஞ்சு ஏழு மணிக்கு எங்க போய் மரம் ஏற. நான் ஒரு தென்னை ஏறுற அண்ணாச்சிய பிடிச்சு வச்சிருக்கேன், முந்தின நாள் சாயந்திரம் வெடிக்காத பாளையா பாத்து வெட்டித் தருவாரு, அத அப்படியே மூடுன பாளையா மேடைக்கு கொண்டு போகணும். விடியக்காலம் நாலு, அஞ்சு மணிக்கு நிறபற பக்கத்துல உக்காந்து கத்தி நுனியால நீளமா ஒரு கீறு, அவ்வளவுதான், ரெண்டு கையால பிரிச்சா உள்ள பூக்குலை தந்தம் மாதிரி ஈரமா வெளில வரும், அந்த பச்சை வாசம் மல்லி வாசத்தையும் தாண்டி அடிக்கும். முந்தின நாளே கீறி வச்சா மஞ்சளாகி மணி மணியா நெல்லு மேல உதுந்து கெடக்கும். 13 வருஷத்துல இந்த ஒரு வேலைய மட்டும் நான் வேற யாருகிட்டயும் குடுத்ததில்ல.

சர்ச் வேலை சுலபம்னு நெனைக்காத. ஆணி அடிக்கக் கூடாது, பெஞ்சு பாலிஷ்ல டேப்பு ஒட்டக் கூடாது, பீடத்துல என்ன வைக்கலாம், எவ்வளவு உயரம் வைக்கலாம்னு ஒவ்வொரு சபைக்கும் ஒரு சட்டம். போதகரையோ சாமியாரையோ பாக்குறதுக்கு முன்னாடி சர்ச்ச பாத்துக்கிடுற கோயில்குட்டிய பாரு, சாவி அவருகிட்டதான் இருக்கு, எந்த ஜன்னல் வழியா காத்து அடிச்சு மெழுகுதிரி பூ மேல சாயும்னு அவருக்குதான் தெரியும். லில்லி வைக்கிறதா இருந்தா விரியும்போதே நடுவுல இருக்குற அந்த காவி நிற மகரந்தத் தண்ட ஒவ்வொண்ணா கிள்ளி எடுத்துரு. வெள்ளை கவுன்ல, இல்ல அந்தப் பக்கம்னா கசவு சேலைல அந்த பொடி பட்டா போகாது. பட்டுட்டுன்னா தண்ணி தொட்டு தேய்க்காத, டேப்ப ஒட்டி ஒட்டி எடு, அதுதான் வழி.

அரளி பத்தியும் சொல்லிரணும், ஏன்னா இப்ப கேரளா பக்கம் முதல் கேள்வியே அதுதான், "சேச்சி, அரளி ஒந்நும் வேண்டா கேட்டோ"ன்னு. அரளி பூ, இலை, தண்டு எல்லாமே உள்ள போனா இதயத்த பாதிக்கிற விஷம், அங்க ஒரு சாவு நடந்த பிறகு 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. கழுத்துல மாலையா போடுறதுல பயம் இல்ல, ஆனா பந்தி இலைக்கு பக்கத்துலயோ கேக் மேலயோ ஒரு இதழ்கூட வைக்கக் கூடாது, கட்டி முடிச்சா கை கழுவணும், இத நான் என் ஆளுங்ககிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். இதுல வேடிக்கை என்னன்னா அடுத்த வருஷம், 2025ல, நம்ம தோவாளை மாணிக்க மாலைக்கு புவிசார் குறியீடு கெடைச்சுது, அந்த மாலையே அரளியிலதான் கட்டுறது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவுல நொச்சி இலை, ஒவ்வொரு பூவையும் மடிச்சு நார்ல வரிசை வரிசையா வச்சு பின்னுறப்ப பாய் மாதிரி தட்டையா, கல்லு பதிச்ச நகை மாதிரி வரும். பத்மநாபசாமி கோயிலுக்கு ராஜா காலத்துல இருந்தே போகுதுன்னு சொல்லுவாங்க. தோவாளைல ஒரு பெரியவரு கட்டுறத ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன், பூவ மடிக்கிறப்ப அவரு கண்ணு பூவுல இல்ல, ரோட்டுல போற பஸ்ஸ பாத்துக்கிட்டே இருந்தாரு, விரல் தானா போகுது. நான் ஒரு வரிசை கட்டிப் பாத்தேன், அவரு பிரிச்சுப் போட்டுட்டு "மக்களே, நீ மேடைக்கே போ"ன்னாரு. இப்ப முகூர்த்த மாலைக்கு யாராவது வித்தியாசமா வேணும்னு கேட்டா நான் இதத்தான் காமிக்கிறேன், இன்ஸ்டால பாத்த தாய்லாந்து ஆர்க்கிட் மாலைய விட இது எடுப்பா இருக்கும், விலையும் நியாயம். அரளி வேண்டாம்னு சொல்றவங்கள கட்டாயப்படுத்துறது இல்ல.

ஃபோம் பத்தி கோர்ஸ்ல நிறைய சொல்லுவாங்க, பூ குத்துற அந்த பச்சைக் கட்டி, ஓயாசிஸ். அத தண்ணில அமுக்காம தானா மூழ்க விடணும், அமுக்குனா நடுவுல காத்து நின்னு அங்க குத்துன பூ மட்டும் வாடும். ஆனா நான் முடிஞ்ச வரைக்கும் வாழைத்தடை, அதாவது வாழை மரத்துத் தண்டு, அதுலதான் குத்துறேன். நம்ம ஊர்ல குலை வெட்டுன தடை தோட்டத்துல சும்மா கெடக்கும், ஒண்ணரை அடிக்கு வெட்டி படுக்க வச்சா உள்ள இருக்குற தண்ணியிலயே கேந்தியும் செவ்வந்தியும் ஒரு நாள் முழுக்க நிக்கும், முடிஞ்சதும் மாட்டுக்கு போட்டுரலாம். ஃபோம் மக்காது, பொடிஞ்சு பொடிஞ்சு ஓடைல போய் சேரும். காம்பு மெல்லிசான பூவுக்கு தடை ஒத்து வராது, ஜெர்பெரா எல்லாம் மடங்கிப் போகும், அதுக்கு வாட்டர் ட்யூபு, இல்லைன்னா கோழிவலைய சுருட்டி பாத்திரத்துக்குள்ள வச்சு குத்தணும்.

மண்டபத்துக்காரங்க சங்கதி ஒண்ணு இருக்கு, எழுதவா வேண்டாமான்னு யோசிச்சேன். எல்லைக்கு அங்க ஒரு ஆடிட்டோரியம், பேரு வேண்டாம், எங்க டெக்கரேட்டர்தான் பண்ணணும், வெளி ஆளுன்னா 15,000 கட்டணும்னு ராத்திரி பதினொண்ணரைக்கு கேட்ட பூட்டிட்டு சொன்னாங்க. பூ எல்லாம் வண்டில. பார்ட்டிக்கு போன் அடிச்சா அந்த அங்கிள் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து சண்டை போட்டு பாதி காசு குடுத்து திறந்தாரு. அதுல இருந்து அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி மண்டபத்து பேர கேட்டு, அவங்க ஆபீசுல நேர்ல போய் வெளி டெக்கரேஷனுக்கு என்ன ரூலுன்னு எழுதி வாங்கிருவேன். வரி விஷயம் ஆடிட்டர்கிட்ட கேளு, மொத்தத்துல வெட்டுன புதுப் பூவுக்கு ஜி.எஸ்.டி. கெடையாது, ஆனா டெக்கரேஷன் சர்வீஸுக்கு 18 பெர்சென்ட், வருஷம் 20 லட்சம் தாண்டுறப்ப கவனிக்கணும், மாநிலம் விட்டு மாநிலம் வேலை பாக்குறதையும் சேத்து கேட்டுக்க.

பிளாஸ்டிக் பூ பத்தி நீ கேக்கல, ஆனா பார்ட்டி கேப்பாங்க. நான் வைப்பேன், மறைக்க மாட்டேன். மேல பத்தடி உயரத்துல இருக்குறது துணிப்பூன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல, பொண்ணு மாப்பிள்ளை கை படுற இடம், மூக்குக்கு எட்டுற இடம் எல்லாம் நெசப்பூ. முழுசா பிளாஸ்டிக்ல பண்ணித்தாங்கன்னு வந்தா பக்கத்து ஊர்ல நல்லா பண்ற ஒரு தம்பி இருக்கான், அவன் நம்பர குடுத்து அனுப்பிருவேன். மல்லி வாசம் இல்லாத கல்யாணத்துல எனக்கு வேலை ஓடாது, இது என் குணக்கேடுன்னு வச்சுக்க.

உடம்பையும் யோசி. கல்யாண சீசன்ல வாரத்துக்கு மூணு ராத்திரி முழிக்கணும், ரோஸ் முள்ளு குத்தி விரல் முழுக்க கருந்தழும்பு, ஈரத்துலயே நின்னு கால் விரலிடுக்கு புண்ணாகும், சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ஒண்ணுக்கும் ஒழுங்கா போக முடியாது, போனாலும் மேடைய பாத்து எந்தப் பூ வாடிருக்குன்னு எண்ணிக்கிட்டு நிப்ப. என் மக ஸ்கூல் ஆண்டுவிழாவ நாலு வருஷமா வீடியோலதான் பாக்கேன்.

கோர்ஸ் விஷயத்துக்கு வாரேன். போகாதன்னு சொல்லல, ஒரு வருஷம் கழிச்சு போ, அப்ப என்ன கேக்கணும்னு உனக்கே தெரியும், பொக்கே கட்டுற விதம், கலர் சேக்குறது எல்லாம் அங்க நல்லா சொல்லித் தருவாங்க. இப்ப வேலைய உடனே விடாத, ரெண்டு மாசம் வீட்டுல இருந்து வேலை பாக்க லீவோ பெர்மிஷனோ கெடைச்சா வாங்கிட்டு ஊருக்கு வா. ஒரு கிலோ மல்லி வாங்கி நீயே உக்காந்து கட்டிப் பாரு, எத்தன முழம் வந்துச்சு, எத்தன மணிக்கூர் ஆச்சு, எவ்வளவு உதிர்ந்துச்சுன்னு எழுதி வை, உன் கொட்டேஷனுக்கு முதல் நம்பர் அதுதான், என் நம்பர் உனக்கு செட்டாகாது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டரைக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு கீழ வண்டிய நிறுத்துவேன், வர்றதா இருந்தா இங்கயே பதில் போடு. வெள்ளை சுடிதார் வேண்டாம், பழைய செருப்பு போட்டுக்க, ஒரு நோட்டும் 500 ரூபாயும் எடுத்துட்டு வா. சந்தைல அந்த 500க்கு நீயா பேரம் பேசி எதையாவது வாங்கு, நான் பக்கத்துல வாய் திறக்காம நிப்பேன். திரும்பி வர்ற வழில பெட்டிய திறந்து பாத்துட்டு எவ்வளவு ஏமாந்திருக்கன்னு சொல்லுதேன்.